அமெரிக்காவில் டிப்ஸ்: எங்கே, எவ்வளவு, கார்டு சீட்டில் எப்படி எழுதுவது?

மாலைக்காற்று:

வணக்கம் நண்பர்களே. அக்டோபரில் அப்பா, அம்மாவோடு மூன்று வாரம் அமெரிக்கா போகிறோம். முதலில் ஹூஸ்டனில் தம்பி வீடு, அப்புறம் நியூயார்க், நயாகரா, கடைசியாக சான் ஃபிரான்சிஸ்கோ. விசா, டிக்கெட் எல்லாம் ஆயிற்று. இப்போது குழப்பம் டிப்ஸில்தான். தம்பியைக் கேட்டால் "எல்லாத்துக்கும் இருபது பர்சென்ட் வெச்சிரு" என்கிறான். அப்பாவோ "நம்ம ஊர்ல பில் தட்டுல இருபது ரூபா வைக்கிற மாதிரி ரெண்டு டாலர் வெச்சா ஆகாதா?" என்கிறார்.

ஹோட்டலில் சாப்பிட்டால் எத்தனை சதவீதம்? வரியைச் சேர்த்தா, சேர்க்காமலா? கார்டில் பணம் கட்டினால் டிப்ஸை எங்கே சேர்ப்பது? அப்பா, அம்மா இருவருக்கும் வீல்சேர் போட்டிருக்கிறோம், தள்ளி வருகிறவருக்கு எவ்வளவு? தங்கும் அறையைச் சுத்தம் செய்கிறவர், டாக்ஸி, காபிக் கடையில் நீட்டுகிற டேப்லெட், இதற்கெல்லாம் எவ்வளவு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கல்லணை:

உங்கள் அப்பா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் டிப்ஸ் என்பது சம்பளத்துக்கு மேலே கிடைக்கிற கைக்காசு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அது சம்பளத்துக்குள்ளேயே அடங்கியது. மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் மாறவில்லை. ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலையாளுக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டியது 2.13 டாலர் மட்டுமே. அது 1991 முதல் அப்படியே நிற்கிறது. மீதி 5.12 டாலரை வாடிக்கையாளர் வைக்கும் டிப்ஸ் ஈடுகட்டும் என்று கணக்கு. ஈடுகட்டாவிட்டால் முதலாளிதான் நிரப்ப வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் முதலில் இறங்கும் டெக்சாஸில் இந்த 2.13 கணக்குதான். அங்கே எண்பது டாலர் பில்லுக்கு இரண்டு டாலர் வைத்தால் "சாப்பாடு பிடிக்கவில்லை" என்றுகூட நினைக்க மாட்டார்கள், தன் மேல் ஏதோ கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கலிஃபோர்னியாவில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் இந்த வழி கிடையாது. பரிமாறுகிறவருக்கும் மாநிலத்தின் முழு குறைந்தபட்சக் கூலி, அதாவது மணிக்கு 16 டாலருக்கு மேல், கொடுத்தே ஆக வேண்டும். அதனால் சான் ஃபிரான்சிஸ்கோவில் குறைத்து வைக்கலாமே என்று தோன்றும். சட்டம் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை, அங்கேயும் எதிர்பார்ப்பது அதே அளவுதான்.

உட்கார வைத்து, ஆர்டர் எடுத்து, மேசைக்குக் கொண்டுவந்து கொடுக்கிற இடமா? 18 முதல் 20 சதவீதம். 15 என்பது அடிமட்டம், கவனிப்பு சுமார் என்று சொல்லாமல் சொல்வது. சதவீதம் போடுவது வரிக்கு முந்தைய தொகைக்கு. ஹூஸ்டனில் விற்பனை வரி 8.25%. சாப்பாடு 84.00 டாலர் என்றால் வரி 6.93, சேர்த்து 90.93. டிப்ஸை 84-க்குக் கணக்கிடுங்கள்: பத்து சதவீதம் 8.40, அதை இரட்டித்தால் 16.80. மொத்தம் 107.73. மனக்கணக்குக்கு இதைவிட எளிய வழி இல்லை.

"வரியை இரட்டித்தால் டிப்ஸ்" என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். நியூயார்க் நகரில் வரி 8.875%, இரட்டித்தால் 17.75%, கிட்டத்தட்ட சரியாக வரும். ஹூஸ்டனில் 16.5%தான் வரும். ஆரெகன் மாதிரி விற்பனை வரியே இல்லாத மாநிலத்தில் சுழியை இரட்டித்துப் பயனில்லை.

கூப்பனோ தள்ளுபடியோ இருந்தால் தள்ளுபடிக்கு முந்தைய விலைக்குத்தான் டிப்ஸ் கணக்கு. தட்டு தூக்கி வந்த வேலை ஒன்றும் குறையவில்லை அல்லவா.

இனி கார்டு. அங்கே பில்லுக்கு 'செக்' என்று பெயர். ஒரு கறுப்பு மடிப்பட்டையில் வைத்துக் கொண்டுவருவார்கள். கார்டை அதற்குள் வைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். பதற வேண்டாம், அதுதான் அங்கே நடைமுறை. ஓடிபி, பின் எதுவும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். திரும்பி வரும்போது இரண்டு சீட்டு இருக்கும்: மெர்ச்சன்ட் காப்பி, கஸ்டமர் காப்பி. மெர்ச்சன்ட் காப்பியில் தொகைக்குக் கீழே 'டிப்' என்று ஒரு கோடு, 'டோட்டல்' என்று ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு. டிப் கோட்டில் 16.80, டோட்டல் கோட்டில் 107.73, கீழே கையெழுத்து. அதை மேசையிலேயே வைத்துவிட்டு, கஸ்டமர் காப்பியையும் கார்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

இந்த இடத்தில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறுகள் மூன்று. டோட்டல் கோட்டைக் காலியாக விடுவது முதலாவது. இரண்டாவது, பழக்க தோஷத்தில் 107/- என்று எழுதுவது. அந்தச் சாய்கோடு அங்கே யாருக்கும் புரியாது, ஒன்று என்று படித்துத் தொலைத்தால் வம்பு. புள்ளி வைத்து இரண்டு தசமம் எழுதுங்கள். மூன்றாவது, நிரப்பிய சீட்டைத் தான் எடுத்துக்கொண்டு வெற்றுச் சீட்டை மேசையில் வைத்துவிட்டு வருவது. அவருக்கு டிப்ஸே போய்ச் சேராது.

டிப்ஸை ரொக்கமாகத் தருவதாக இருந்தால் டிப் கோட்டில் 'கேஷ்' என்று எழுதி, டோட்டலில் 90.93 என்றே போடுங்கள். கோடு காலியாக இருக்கக் கூடாது.

வெள்ளிக்கொலுசு:

கல்லணை சார் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லிவிட்டார், கார்டில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கார்டைத் தேய்த்த உடனே வங்கியிலிருந்து 90.93-க்கு எஸ்எம்எஸ் வரும். இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்டேட்மென்ட்டில் 107.73 என்று இருக்கும். கூடுதலாக எடுத்துவிட்டார்கள் என்று வங்கியில் புகார் போட்டுவிடாதீர்கள். முதலில் பிடித்து வைத்த தொகை அது, டிப்ஸ் சேர்த்து இறுதி செய்தது இது. சில ப்ரீபெய்டு ஃபாரக்ஸ் கார்டுகளில் டிப்ஸுக்காக பில்லைவிட 20 சதவீதம் வரை சேர்த்தே பிடித்து வைக்கும், பிறகு விடுவிக்கும். எனவே கார்டில் 95 டாலர் மட்டும் இருக்கும்போது 90 டாலருக்குச் சாப்பிட்டால் கார்டு மறுக்கப்படலாம். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்ய மறக்க வேண்டாம். ரூபாயா டாலரா என்று மெஷின் கேட்டால் டாலர்.

வீல்சேர் விஷயம். தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் விமான நிறுவன ஊழியர்கள் இல்லை, ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள். வீல்சேர் சேவைக்குக் கட்டணம் கிடையாது, டிப்ஸ் கட்டாயமும் இல்லை. வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் விமான வாசலிலிருந்து குடியேற்ற வரிசை, பெட்டி பெல்ட், சுங்கம் எல்லாம் கடந்து வெளியே கார் வரை கூட்டி வருகிறார் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஒரு நாற்காலிக்கு 5 டாலர், பெட்டியும் இறக்கித் தந்தால் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒருவர், அம்மாவுக்கு ஒருவர் என்று இருவர் வந்தால் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீங்கள் வேறொரு அமெரிக்க ஊரில் இறங்கி ஹூஸ்டனுக்கு விமானம் மாறுகிறீர்கள் என்றால், முதலில் இறங்கும் அந்த ஊரிலேயே பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். வழியில் ஆள் மாறிவிடுவார். "கடைசியில் கொடுத்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் முக்கால்வாசி தூரம் தள்ளியவருக்கு ஒன்றும் கிடைக்காது. கை மாறும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். அந்த நோட்டு அம்மாவின் ஹேண்ட்பேக் அடியில் இருந்தால் வேலைக்காகாது. 5 டாலர் நோட்டு நான்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

தங்கும் அறை: ஓர் இரவுக்கு 3 டாலர், அறை குப்பையாகக் கிடந்தால் 5. மொத்தமாகக் கடைசி நாளில் வைக்காமல் தினமும் காலையில் வையுங்கள், சுத்தம் செய்கிற ஆள் நாளுக்கு நாள் மாறுவார். மேசை மேல் வெறுமனே நோட்டு கிடந்தால் எடுக்கவே மாட்டார்கள், விருந்தாளியின் பணத்தைத் தொட்டதாகிவிடும் என்ற பயம். ஒரு சிறு காகிதத்தில் 'ஹவுஸ்கீப்பிங், தேங்க் யூ' என்று எழுதி அதன் மேல் வைத்தால் யாருக்கென்று விளங்கும். இப்போது பல இடங்களில் கேட்டால்தான் தினசரிச் சுத்தம். அறைக்கு யாருமே வராத நாளுக்கு வைக்க வேண்டாம், கிளம்பும் நாளில் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும். பெட்டி தூக்கி அறைக்குக் கொண்டுவருகிறவருக்கு ஒரு பெட்டிக்கு 2 டாலர். பில்லில் 'ரிசார்ட் ஃபீ', 'டெஸ்டினேஷன் ஃபீ' என்று இருப்பது ஹோட்டலுக்குப் போகும் பணம், டிப்ஸ் இல்லை. அறைக்கே சாப்பாடு வரவழைத்தால் மட்டும் அந்த பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே இருக்கும், பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டாக்ஸிக்கு 15 சதவீதம் போதும். நியூயார்க் மஞ்சள் டாக்ஸியில் பின் சீட்டுக்கு எதிரே இருக்கும் திரை 20, 25, 30 என்று காட்டும். அதில் ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே வேறு தொகை போடலாம். ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு அடிப்படை வாடகையே 70 டாலர், சாலைச் சுங்கமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. அதில் பட்டென்று 30-ஐத் தொட்டால் இருபது டாலருக்கு மேல் போய்விடும்.

நடைவண்டி:

தப்பாக நினைக்க வேண்டாம், இப்படி எல்லோரும் 20, 20 என்று சொல்லிச் சொல்லித்தான் இது ஏறிக்கொண்டே போகிறது. முன்பு 15தான் நல்ல டிப்ஸ். ஒரு தண்ணீர் பாட்டிலை நாமே எடுத்து வந்து வைத்தாலும் டேப்லெட்டைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டுகிறான். முதலாளி தர வேண்டிய சம்பளத்தை நான் ஏன் தர வேண்டும்? கவனிப்பு சரியில்லை என்றால் ஒன்றும் வைக்காமல் எழுந்து வருவதுதான் நியாயம்.

கல்லணை:

நடைவண்டி, டேப்லெட் விஷயத்தில் உங்களோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். கவுன்டரில் நின்று வாங்கும் காபி, பர்கர், எடுத்துப் போகிற பார்சல், நாமே எடுத்து வைத்த தண்ணீர் பாட்டில், எதற்கும் டிப்ஸ் கடமை இல்லை. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'நோ டிப்' அல்லது 'கஸ்டம்' இருக்கும். கூச்சப்படாமல் தொடலாம், பின்னால் நிற்பவரும் அதைத்தான் தொடப்போகிறார். இன்னொன்று, அந்தத் திரை பல கடைகளில் வரியையும் சேர்த்த தொகைக்குச் சதவீதம் போடும். மேலே சொன்ன பில்லிலேயே 20% என்றால் 16.80-க்குப் பதில் 18.19 காட்டும்.

ஆனால் மேசைச் சாப்பாட்டில் சுழி வைப்பது வேறு கதை. அங்கே பரிமாறுகிறவர் தன் டிப்ஸிலிருந்து தட்டு எடுக்கிறவருக்கும் பார் ஊழியருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். 'டிப் அவுட்' என்பார்கள். பல கடைகளில் அந்தப் பங்கை அவருக்குக் கிடைத்த டிப்ஸை வைத்துக் கணக்கிடுவதில்லை, அவர் பரிமாறிய விற்பனைத் தொகையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 100 டாலர் மேசைக்கு 4 சதவீதம் என்று வையுங்கள். நீங்கள் ஒன்றும் வைக்காமல் எழுந்தால் அவர் மற்ற மேசைகளில் வாங்கியதிலிருந்து 4 டாலர் எடுத்துக் கொடுக்கிறார். சமையல் தாமதமானால் அது அவர் குற்றமும் இல்லை. குறை இருந்தால் மேலாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், உணவின் விலையையே குறைப்பார்கள். அதுதான் அங்கே எடுபடும் வழி. 2018 முதல் மத்திய சட்டப்படி முதலாளியோ மேலாளரோ ஊழியரின் டிப்ஸில் கைவைக்கக் கூடாது.

"முதலாளி ஏன் தரக் கூடாது" என்று நீங்கள் கேட்பதை அமெரிக்கர்களே நூறு வருடத்துக்கு முன் கேட்டார்கள். 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்தது, இன்னும் சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் எல்லாத் தடைகளும் காற்றில் போயின. சட்டம் போட்டே நிறுத்த முடியாததை, மூன்று வாரப் பயணமாகப் போகிற நாம் ஒரு வெயிட்டரின் மேசையில் தீர்த்துவைக்க முடியாது.

மாலைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி, நிறைய தெளிந்தது. இன்னும் இரண்டு சந்தேகம். ஹூஸ்டனில் தம்பி குடும்பத்தோடு ஏழு பேராகச் சாப்பிடப் போவோம். கூட்டமாகப் போனால் அவர்களே சேர்த்துவிடுவார்களாமே? அப்புறம் இந்திய ஹோட்டல் மதிய பஃபேயில் நாமே எடுத்துச் சாப்பிடுகிறோம், அங்கேயும் 20 சதவீதமா?

வெள்ளிக்கொலுசு:

பஃபேக்கு 10 சதவீதம் அல்லது தலைக்கு 2 டாலர். எச்சில் தட்டை எடுப்பது, தண்ணீர் ஊற்றுவது, கேட்டால் சூடாக தோசையோ நானோ கொண்டுவருவது, இவ்வளவுதான் அங்கே வேலை.

ஏழு பேர் விஷயத்தில்தான் இரட்டை டிப்ஸ் விழும். ஆறு பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 18 அல்லது 20 சதவீதத்தைக் கடையே சேர்த்துவிடும் வழக்கம் பரவலாக உண்டு. மெனுவின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பில்லில் 'கிராஜுவிட்டி' (அங்கே டிப்ஸுக்கே இன்னொரு பெயர்), 'ஆட்டோ கிராட்' அல்லது 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியே ஒரு தொகை வரும். உதாரணமாக சாப்பாடு 210.00, கிராஜுவிட்டி 18% 37.80, வரி 17.33, மொத்தம் 265.13. இதற்குக் கீழேயும் 'அடிஷனல் டிப்' என்று ஒரு கோடு இருக்கும். அதைப் பார்த்ததும் இன்னொரு 42 டாலர் எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். அந்தக் கோட்டில் ஒரு கிடைக்கோடு இழுத்துவிட்டு டோட்டலில் 265.13 என்று எழுதினால் முடிந்தது. சந்தேகம் இருந்தால் "இஸ் கிராஜுவிட்டி இன்க்ளூடட்?" என்று கேளுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்த பிறகு சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லிக் கேட்கிறோம். அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். மெனுவில் முன்கூட்டியே அச்சிட்டிருந்தால் அதைத் தெரிந்துதான் உட்கார்ந்தீர்கள் என்று கணக்கு.

சான் ஃபிரான்சிஸ்கோவில் பில்லில் இன்னொரு கட்டணமும் வரும். ஊழியர் மருத்துவச் செலவுக்கான நகரச் சட்டத்தைக் காரணம் காட்டிப் பல கடைகள் சில சதவீதத்தை 'எஸ்எஃப் மேண்டேட்' போன்ற பெயரில் சேர்ப்பார்கள். அது கடைக்குப் போகும் பணம். அதை டிப்ஸ் என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள், பரிமாறியவருக்குத் தனியாகத்தான்.

பொட்டல்காடு:

நயாகரா பற்றி யாரும் சொல்லவில்லையே. நியூயார்க்கிலிருந்து இரண்டு நாள் பஸ் டூரில் போவதாக இருந்தால் பதிவு செய்யும்போதே நிபந்தனைகளைப் படியுங்கள். சில டூர்களில் 'சர்வீஸ் ஃபீ' என்று ஒரு நாளுக்கு ஒரு ஆளுக்கு இத்தனை டாலர் என்று கட்டாயமாக இருக்கும், டிக்கெட் விலையில் சேராது, பஸ்ஸில் ரொக்கமாக வசூலிப்பார்கள். மூன்று பேர், இரண்டு நாள் என்று பெருக்கிப் பாருங்கள், மலிவு டிக்கெட் மலிவாகவே இருக்காது. அது வழிகாட்டிக்கும் டிரைவருக்கும் சேர்த்தது, தனியாகத் தர வேண்டாம். அப்படி ஒன்றும் குறிப்பிடவில்லை என்றால் வழிகாட்டிக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 5 முதல் 10, டிரைவருக்கு அதில் பாதி. அருவிக்கு அடியில் போகிற படகு, அருங்காட்சியகம், சுரங்க ரயில், எதிலும் டிப்ஸ் கிடையாது. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை ஆட்கள், தேசியப் பூங்கா ரேஞ்சர்கள், போலீஸ் எல்லாம் அரசு ஊழியர்கள். அவர்களிடம் நோட்டை நீட்டினால் மரியாதையாகத் தெரியாது, லஞ்சமாகத்தான் தெரியும்.

சில்லறை முக்கியம். இங்கே பணமாற்றுகிற இடத்தில் சும்மா விட்டால் நூறு டாலர் நோட்டாகவே எண்ணித் தருவார்கள். "ஒரு டாலர் இருபது, அஞ்சு டாலர் பத்து" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஒரே நாளில் கேட்டால் இருக்காது. எழுபது டாலர்தான், முதல் வாரத்துக்குக் காணும். அங்கே ஏடிஎம்மில் பெரும்பாலும் இருபதுதான் வரும். அதை உடைக்க ஹோட்டல் வரவேற்பு மேசையே எளிது, எதுவும் வாங்க வேண்டியதில்லை. நாணயமாகச் சேர்ந்ததை டிப்ஸாகக் கொட்டிவிட்டு வராதீர்கள், கேவலப்படுத்துகிற மாதிரி ஆகும். கவுன்டர் பக்கத்தில் டிப்ஸ் ஜாடி இருந்தால் அதில் போடலாம்.

மாலைக்காற்று:

பொட்டல்காடு அண்ணா, பஸ் டூர் பக்கத்தை இப்போதுதான் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன நிபந்தனை அடியில் இருக்கிறது, ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். மூன்று பேருக்கு இரண்டு நாளுக்கு 72. அப்பாவிடம் காட்டினேன், "இது டிப்ஸ் இல்லப்பா, டிக்கெட்ல ஒளிஞ்சிருந்த பாதி" என்றார். தம்பியிடம் ஹூஸ்டனில் ஒரு டாலர் நோட்டு இருபது எடுத்து வைக்கச் சொல்லியாயிற்று.

பொட்டல்காடு:

தம்பி வைக்கிறது இருக்கட்டும், வீல்சேர் ஆட்கள் விமான வாசலிலேயே நிற்பார்கள். அந்த ஐந்து டாலர் நோட்டு நான்கை மட்டும் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள்.